ஹாரியட் டப்மன் அம்மையார்

கால் முறிந்து கோலூன்றி வருபவரைக் கண்டால் எவரும் வழிவிட்டு ஒதுங்குவர். கண்ணொளி இழந்தவரைக் கண்டால் கைப்பிடித்து அழைத்துச் செல்வர். தலையில் அடிபட்டு மூளையில் ஊறு நேர்ந்தவரின் நிலையோ வேறு. மேலே தோன்றிய புண் சில திங்களில் ஆறிவிடுகிறது. தழும்பையும் மயிர் மறைத்துவிடுகிறது. உள்ளே நேர்ந்த ஊறு பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தலைநோவும் வலிப்பும் மறதியும் வேளையற்ற உறக்கமும் அவரை நாள்தோறும் வருத்துகின்றன. காரணம் அறியாத உலகமோ அவரைச் சோம்பர் என்றும் மூடர் என்றும் இகழ்கின்றது. இவ்வாறு இகழப்பட்ட ஓர் அடிமைச் சிறுமி, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் காயத்தின் துன்பத்தைச் சுமந்துகொண்டே வாழ்ந்தாள். தன் இனத்தார் பலரை அடிமைத்தளையினின்றும் மீட்டாள். அமெரிக்க நாடு இன்று போற்றும் ஹாரியட் டப்மன் அம்மையார் அவளே ஆவாள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குக் கரையோரத்தில் மேரிலாந்து என்னும் மாநிலம் உள்ளது. அங்கே சதுப்பு நிலமும் அடர்ந்த காடும் சூழ்ந்த டார்செஸ்டர் வட்டாரத்தில், 1822-ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். பிறந்த நாளைத் திட்டமாகக் கூறுதற்கில்லை. அடிமைகளின் பிறப்பைக் குறித்து வைப்போர் அக்காலத்தில் அரியர். தந்தையார் பென் ராஸ் என்பவர் மரம் வெட்டும் தொழிலில் வல்லவர். தாயார் ரிட் என்பவர் ஆண்டையின் வீட்டில் சமையல் வேலை செய்தவர். அவர்கள் பெற்ற மக்கள் ஒன்பதின்மருள் ஒருத்தியான அக்குழந்தைக்கு அராமின்டா என்று பெயரிட்டனர். மின்டி என்று செல்லமாக அழைத்தனர். தாய் அடிமையாயின் அவள் வயிற்றில் பிறந்த மகவும் அடிமையே என்பது அந்நாளைய சட்டம். ஆடுமாடுகளைப் போல அடிமைகளை விற்கவும் வாடகைக்கு விடவும் ஆண்டைக்கு உரிமை இருந்தது. மின்டியின் தமக்கையர் மூவர் தொலைவிலுள்ள தென் மாநிலங்களுக்கு விற்கப்பட்டனர். அந்தப் பிரிவின் துயரம் சிறுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

மின்டிக்கு ஆறு வயது நிரம்பும்போதே ஆண்டை அவளைப் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பினான். ஒரு வீட்டில், இரவெல்லாம் விழித்திருந்து தொட்டிலை ஆட்டுவது அவள் கடமை. குழந்தை அழுதால் வீட்டுக்காரியின் சவுக்கு அவள் கழுத்தில் விழும். ஒரு நாள் காலையுணவுக்கு முன்னரே ஐந்து முறை அடிபட்டாள். அத்தழும்புகள் முதுமை வரை மறையவில்லை. வேறொரு வீட்டில், தட்டம்மை கண்ட நிலையிலும், சதுப்பு நீரில் இறங்கி நீரெலிப் பொறிகளைப் பார்த்து வருமாறு ஏவப்பட்டாள். நோய் முற்றித் தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டாள்; தேறியதும் மறுபடியும் வேலைக்கு அனுப்பப்பட்டாள்.

அவளுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயது இருக்கும்போது அந்தக் கொடிய நிகழ்ச்சி நேர்ந்தது. அப்பொழுது அவள் ஒரு பண்ணையில் நார் அடிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தாள். ஒரு நாள் மாலை, சமையற்காரியுடன் பக்டவுன் என்னும் சிற்றூரில் உள்ள கடைக்குச் சென்றாள். வேலையை விட்டு ஒப்புதலின்றி வந்துவிட்ட ஓர் அடிமை அங்கு நின்றான். அவனைத் தேடி வந்த கங்காணி, அவனைக் கட்டிப் பிடிக்கத் துணை செய்யுமாறு மின்டியை ஏவினான். அவள் மறுத்துவிட்டாள். அதற்குள் அவ்வடிமை வாயில் வழியே ஓடினான். சினம் கொண்ட கங்காணி, கடையிலிருந்த இரண்டு இராத்தல் எடைக்கல்லை எடுத்து அவனை நோக்கி வீசினான். குறி தவறிய கல், வாயிலருகே நின்ற மின்டியின் தலையில் விழுந்தது. மண்டையோடு உடைந்தது, அவள் போர்த்தியிருந்த சால்வையின் ஒரு துண்டும் புண்ணுக்குள் புதைந்தது. சீப்பே காணாது அடர்ந்து கிடந்த தன் தலைமயிரே அன்று உயிரைக் காத்தது என்று அவர் பிற்காலத்தில் கருதினார்.

குருதி வழிய நினைவிழந்த சிறுமியைத் தூக்கி வந்தனர். கிடத்துவதற்கு ஒரு படுக்கைகூட இல்லை. தறியின் இருக்கைப் பலகையின்மீது அவளைக் கிடத்தினர். அன்றும் மறுநாளும் மருத்துவம் ஏதுமின்றி அங்கேயே கிடந்தாள். பின்னர் அவளை வயலுக்கு அனுப்பினர். குருதியும் வியர்வையும் கலந்து கண்ணை மறைக்க, அவள் வேலை செய்தாள். இனி இவளால் பயனில்லை என்று கருதிய ஆண்டை, அவளை விற்றுவிட முயன்றான். வாங்க வந்தோர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பினர். அவளுக்கு மிகக் குறைந்த விலை கொடுக்கவும் எவரும் முன்வரவில்லை.

அன்று தொடங்கிய துன்பம் அவரை விட்டு நீங்கவே இல்லை. கடுந்தலைநோவு அடிக்கடி தோன்றும். வலிப்பும் வரும். எல்லாவற்றிலும் வியப்பானது, முன்னறிவிப்பின்றி வரும் உறக்கம் ஆகும். வேலை செய்யும்போதும் பேசிக்கொண்டிருக்கும்போதும் தலை சாயும், அவ்விடத்திலேயே உறங்கிவிடுவார். எவ்வளவு தட்டி எழுப்பினும் எழுதல் அரிது. சிறிது நேரம் சென்றபின் தாமே விழிப்பார். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். அவ்வுறக்கத்தில் தெளிவான கனவுகளும் காட்சிகளும் தோன்றின. இறைப்பற்று மிக்க அவர், அவை கடவுள் தமக்குக் காட்டும் வழி என்று உறுதியாக நம்பினார்.

இத்துன்பங்களின் காரணம் யாது? மூளை மிக மென்மையான உறுப்பு. அதனைக் காக்கவே இயற்கை மண்டையோடு என்னும் வன்மையான கூட்டை அமைத்துள்ளது. அக்கூடு உடையுமாறு அடி விழுந்தால், உள்ளிருக்கும் நரம்பு உயிரணுக்கள் நசுங்குகின்றன. அவற்றை இணைக்கும் மெல்லிய இழைகள் அறுபடுகின்றன. தோலில் பட்ட காயம் புதுத்தோல் வளர்ந்து ஆறுவதைப் போல மூளையின் காயம் ஆறுவதில்லை. அங்கு உண்டாகும் தழும்பு சில வேளைகளில் சுற்றியுள்ள நரம்பணுக்களைக் கிளர்ந்தெழச் செய்கின்றது; அதனால் வலிப்பு உண்டாகின்றது. உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குசெய்யும் பகுதிகள் பழுதுற்றால், உறங்கும் வேளை தவறிப்போகின்றது. ஹாரியட்டின் நோய், நெற்றிப்பொட்டை அடுத்த மூளைப் பகுதியில் தோன்றும் வலிப்புநோயாக இருக்கலாம் என்று அவருடைய வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுகின்றனர். இக்காலத்தில் மூளையின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கருவிகளும், வலிப்பைத் தடுக்கும் மருந்துகளும், இழந்த ஆற்றலை மீளப் பயிற்றும் முறைகளும் உள்ளன. அந்த அடிமைச் சிறுமிக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டவில்லை.

ஆயினும் அவர் மடிந்திருக்கவில்லை. வளர்ந்தபின், தந்தையார் வேலை செய்த காட்டிலேயே மரம் வெட்டவும் எருதுகளை ஓட்டவும் கட்டைகளை இழுக்கவும் கற்றார். உருவத்தில் குறியவராயினும் ஆடவர்க்கு நிகராக உழைத்தார். ஆண்டைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டிவிட்டு, எஞ்சிய உழைப்பின் ஊதியத்தைச் சேர்த்து, ஓரிணை எருதுகளையும் வாங்கினார். காட்டு வழிகளையும் விண்மீன்களையும் அறிந்துகொண்டார். பிற்காலத்தில் அந்த அறிவே அவருக்குப் பெருந்துணையாயிற்று. 1844-ஆம் ஆண்டளவில் ஜான் டப்மன் என்னும் உரிமைபெற்ற கறுப்பின இளைஞரை மணந்தார். தாயாரின் பெயரான ஹாரியட் என்பதையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

1849-ஆம் ஆண்டில் அவர் மீண்டும் நோயுற்றார். ஆண்டை அவரை விற்க முயன்றான். முயற்சி முடிவதற்கு முன்னரே இறந்துபோனான். கடனை அடைப்பதற்காக அடிமைகள் விற்கப்படுவர் என்னும் பேச்சு பரவியது. தமக்கையரைப் போலத் தாமும் தொலைநாட்டுக்கு விற்கப்படுவதற்குள் தப்பிவிட வேண்டும் என ஹாரியட் துணிந்தார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், உடன்பிறந்தார் இருவருடன் புறப்பட்டார். அவரையும் உடன்பிறந்தாரையும் மாநிலத்திற்கு வெளியே பிடித்துத் தருவோர்க்குத் தலைக்கு நூறு டாலர் பரிசு என்று விளம்பரம் செய்தாள் ஆண்டையின் மனைவி. உடன்பிறந்தார் அஞ்சித் திரும்பினர். ஹாரியட்டும் அவர்களோடு திரும்ப நேர்ந்தது. பின்னர் அவர் தனியாகவே மறுபடியும் புறப்பட்டார். பகலில் பதுங்கியும், இரவில் துருவ விண்மீனை நோக்கி நடந்தும், ஏறத்தாழ 90 மைல் கடந்து, அடிமை முறை இல்லாத பென்சில்வேனியா மாநிலத்தை அடைந்தார். எங்கு எப்பொழுது உறக்கம் வந்து வீழ்த்தும் என்று அறியாத ஒருவர் அவ்வழியைத் தனியே கடந்ததை எண்ணினால் உள்ளம் நடுங்கும்.

பிலடெல்பியா நகரில் வீட்டு வேலை செய்து பிழைத்த அவருக்கு, தாம் மட்டும் உரிமை பெற்றது இன்பம் தரவில்லை. உற்றார் யாவரும் அடிமைகளாகவே இருந்தனர். ஆதலின் ஈட்டிய பணத்தைச் சேர்த்துக்கொண்டு, எந்த மண்ணிலிருந்து தப்பி வந்தாரோ அதே மண்ணுக்கு மீண்டும் சென்றார். தப்பி ஓடும் அடிமைகளுக்கு உதவ அக்காலத்தில் ஓர் இரகசிய அமைப்பு இருந்தது. அதனை நிலத்தடி இருப்புப்பாதை என்று அழைத்தனர். அங்கே தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை. இரக்கமுடையோரின் வீடுகளே நிலையங்கள். வழிகாட்டுவோரை நடத்துநர் என்றனர். ஹாரியட் அத்தகைய நடத்துநர்களுள் தலைசிறந்தவராக விளங்கினார். 1850-ஆம் ஆண்டில் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டம் கடுமையாக்கப்பட்டபின், வட மாநிலங்களிலும் அவர்களுக்குப் பாதுகாப்பில்லை. ஆதலின் அவர் தம்மைச் சேர்ந்தோரைக் கனடா நாடு வரை அழைத்துச் சென்றார். 1860-ஆம் ஆண்டு முடிய ஏறத்தாழ பதின்மூன்று முறை சென்று, எழுபதுபேர் அளவினரை மீட்டார்.

அப்பயணங்கள் பெரும்பாலும் நீண்ட இரவுகளையுடைய குளிர்காலத்தில் நிகழ்ந்தன. சனிக்கிழமை இரவில் புறப்படுதல் அவர் வழக்கம். திங்கட்கிழமைக்கு முன் செய்தித்தாளில் விளம்பரம் வெளிவராது என்பதே காரணம். கைக்குழந்தைகள் அழாதிருக்க அவற்றுக்கு அபின் கலந்த மருந்து கொடுப்பார். பாட்டொலியாலேயே குறிப்புக் காட்டுவார். இத்தனை ஏற்பாடுகள் செய்தவரால் ஒன்றை மட்டும் அடக்க முடியவில்லை, அதுவே உறக்கம். அடிமை பிடிப்போர் தேடித் திரியும் காட்டு வழியில், திடீரென்று அவர் தலை சாய்ந்துவிடும். வழி அறிந்தவர் அவர் ஒருவரே. உடன் வந்தோர் என்ன செய்வர்? விட்டுச் செல்லவும் இயலாது. உரக்க அழைக்கவும் இயலாது. அவர் விழிக்கும் வரை அச்சத்தோடு காத்திருப்பர். விழித்ததும் எழுந்து, தாம் கண்ட காட்சி காட்டிய வழியென நம்பிய திசையில் அவர்களை நடத்திச் செல்வார். அவரிடம் வைத்த நம்பிக்கையை அவர்கள் இழக்கவில்லை. அவரும் தம் பயணங்களில் ஒருவரைக்கூட இழக்கவில்லை.

தலையில் அடிபட்டதால் அறிவு மழுங்கியவர் என்று அவரைக் கருதியோர் பலர். அவருடைய மதிநுட்பமோ மிகப் பெரிது. ஒருமுறை, தாம் முன்பு வேலை செய்த ஆண்டை எதிரே வருவதைக் கண்டார். கையிலிருந்த கோழிகளின் காலில் கட்டிய கயிற்றை இழுத்தார். கோழிகள் படபடத்துக் கத்தின. அவற்றை அடக்குபவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தப்பினார். மற்றொருமுறை, இரயில்வண்டியில் தம்மை அறிந்தவர் இருப்பதைக் கண்டு, அருகில் கிடந்த செய்தித்தாளை எடுத்துப் படிப்பவர்போல அமர்ந்தார். ஹாரியட்டுக்கு எழுத்தறிவு இல்லை என்பது யாவரும் அறிந்தது; ஆதலின் அவரை எவரும் ஐயுறவில்லை.

1854-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் உடன்பிறந்தார் மூவரை மீட்கச் சென்றபோது, பெற்றோர் வீட்டருகே தானியக் குடிலில் அவர்கள் ஒளிந்திருந்தனர். தாயாருக்குச் சொன்னால் அழுகையொலி அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தந்தையாரிடம் மட்டும் கூறினர். அம்முதியவர் தம் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து அவர்களுக்கு உணவளித்தார். பிள்ளைகளைக் கண்டீரோ என்று எவரேனும் வினவினால், காணவில்லை என்று பொய்யின்றி விடை கூறவேண்டும் என்பது அவர் கருத்து. கட்டிய கண்களோடு சிறிது தூரம் உடன் சென்று விடைகொடுத்தார். பெற்றோர் இருவரையும் ஹாரியட் 1857-ஆம் ஆண்டில் மீட்டு வந்தார்.

1861-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டில் ஹாரியட் தென் கரோலினாவிற்குச் சென்று, வட மாநிலப் படைக்குத் தொண்டு செய்தார். சீதபேதியால் வாடிய வீரர்களுக்கு வேர்களையும் பச்சிலைகளையும் காய்ச்சிக் கொடுத்தார். ஒற்றர்களைத் திரட்டிப் பகைவரின் நிலையை அறிந்து கூறினார். 1863-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் தொடக்கத்தில், படைத்தலைவர் மாண்ட்கோமரியின் வீரர்கள் கம்பாகி ஆற்றின் வழியே படகுகளில் சென்றபோது அவர்களுக்கு வழிகாட்டினார். அந்த ஓரிரவில் எழுநூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் உரிமை பெற்றனர். அத்தனை தொண்டுக்கும் முறையான ஊதியம் கிட்டவில்லை. இரவில் அப்பம் சுட்டு விற்று அவர் தம் செலவைப் பார்த்துக்கொண்டார்.

போர் முடிந்து, 1865-ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஹாரியட்டின் இன்னல் ஒழியவில்லை. அவ்வாண்டே வீடு திரும்பும் வழியில், இரயில்வண்டியின் நடத்துநரும் வேறு சிலரும் அவரைப் பெட்டியிலிருந்து முரட்டுத்தனமாக இழுத்துத் தள்ளினர். அவர் கை முறிவுற்றது. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில், 1859-ஆம் ஆண்டில் வாங்கிய சிறு வீட்டில் முதிய பெற்றோரைப் பேணி வாழ்ந்தார். காய்கறி பயிரிட்டார், பன்றி வளர்த்தார், விருந்தினரை வைத்து உணவளித்தார். தலைநோவும் உறக்கமும் அங்கும் தொடர்ந்தன. ஆயினும், இல்லை என்று வந்த எவரையும் அவர் வீட்டு வாயில் திருப்பி அனுப்பியதில்லை. முன்னாள் வீரர் நெல்சன் டேவிஸ் என்பவரை 1869-இல் மணந்தார். பின்னர் ஒரு பெண் குழந்தையையும் எடுத்து வளர்த்தார். கணவர் 1888-இல் இறந்தபின், கைம்பெண் என்னும் முறையில் திங்கள்தோறும் எட்டு டாலர் கிடைத்தது. அவருடைய போர்ப்பணியைக் கருதி 1899-ஆம் ஆண்டில்தான் அது இருபது டாலராக உயர்த்தப்பட்டது. போர் முடிந்து அப்பொழுது முப்பத்துநான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

முதுமையில் தலையின் துன்பம் மிகுந்தது. இரைச்சலும் நோவும் இரவில் கண்ணயர விடவில்லை. 1890-களின் பிற்பகுதியில், பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குச் சென்று, தம் தலையைத் திறந்து நோவைப் போக்குமாறு மருத்துவரை வேண்டினார். சிறுமிப் பருவத்தில் பட்ட காயத்துக்கு அவர் பெற்ற பெரிய மருத்துவம் இதுவே. மயக்க மருந்து வேண்டாவென்று மறுத்து, போர்க்களத்தில் உறுப்பறுபடும் வீரர்களைப் போல, துப்பாக்கிக் குண்டு ஒன்றைப் பற்களிடையே கடித்துக்கொண்டு அறுவையைத் தாங்கினார் என்பர். அதன்பின் தலைக்குச் சற்று இதமாக இருந்ததாக அவரே நண்பர்களிடம் கூறினார்.

தம் முதுமையை விடப் பிறர் முதுமையே அவர் கருத்தில் நின்றது. ஏழைகளும் நோயாளிகளுமான கறுப்பின முதியோர்க்கு ஒரு புகலிடம் வேண்டும் என விரும்பினார். தம் வீட்டை அடுத்த 25 ஏக்கர் நிலம் 1896-இல் ஏலத்திற்கு வந்தபோது, கடன்பட்டு அதனை வாங்கினார். பின்னர் அதனைத் தம் திருச்சபைக்கு அளித்தார். 1908-ஆம் ஆண்டில் அங்கே முதியோர் இல்லம் திறக்கப்பட்டது. உடல் மெலிந்த ஹாரியட் 1911-இல் தாமும் அவ்வில்லத்தில் சேர்ந்தார். 1913-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் நிமோனியாச் சுரத்தால் இயற்கை எய்தினார். படைவீரர்க்குரிய சிறப்புடன் ஆபர்ன் நகரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டில் அந்நகரத்தார் அவர் நினைவாக வெண்கலப் பலகை ஒன்றை நிறுவினர். 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. எவரும் விலை கொடுக்க முன்வராத சிறுமிக்கு ஒரு நாடே செய்த சிறப்பு அது.

ஹாரியட் அம்மையாரின் காயம் இறுதி வரை முழுதும் ஆறவில்லை. ஆறிய பின்னரே கடமையைத் தொடங்குவேன் என்று அவர் காத்திருந்ததும் இல்லை. உறங்கி வீழ்ந்த ஒவ்வொரு முறையும் எழுந்து, விட்ட இடத்திலிருந்தே நடந்தார். அவ்வாறு நடப்பதற்கு, அவர் விழிக்கும் வரை காத்திருந்த வழித்துணைவரின் பொறுமையும் உதவியது. கங்காணியும் ஆண்டையும் பயனற்றவர் என ஒதுக்கியவரை அவர்கள் நம்பிக் காத்திருந்தனர். அதனால் உரிமை பெற்றனர். சாலை நேர்ச்சியாலும் வீழ்ச்சியாலும் தலையில் அடிபட்டு, வெளியே நலமுற்றவர்போல் தோன்றி, உள்ளே அல்லலுறுவோர் இன்றும் பலர் உளர். ஒரு சொல்லை நினைவுகூர அவர்கள் தடுமாறலாம். சிறு வேலைக்கும் களைத்துப் போகலாம். காரணமின்றிச் சினம் கொள்ளலாம். அவர்களை நகைத்தலும் விரைவுபடுத்தலும் தகாது. உரிய மருத்துவத்தோடு, உடன் வாழ்வோர் சிறிது பொறுத்துக் காத்திருத்தலே அவர்களுக்குச் செய்யும் பேருதவியாகும்.